ஒரே பெயரில் மூன்று கல்

ரூட் 46-ல் நடக்க இடம் கிடையாது. வண்டிகளுக்கென்றே போட்ட ரோடு அது. ஓரத்தில் பனி உருகி, உப்பும் மண்ணும் கலந்த சேறாகக் கிடந்தது. அதில்தான் நடந்துகொண்டிருந்தேன். பார்சிப்பனியில் டாக்டர் வீட்டிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நான் குடியிருந்த வீடு மேற்கே இருந்தது. பஸ்ஸும் அந்தப் பக்கம்தான். நான் கிழக்கே நடந்தேன். யோசித்து எடுத்த முடிவு இல்லை. தெருமுனை சிக்னலில் இந்தப் பக்கத்துக்குப் பச்சை விழுந்தது, அவ்வளவுதான்.

கையில் பை கிடையாது. கோட்டுப் பாக்கெட்டில் கேப்டன் வீட்டுச் சாவிக்கொத்து மட்டும் இருந்தது. எட்டு வைக்கிறபோதெல்லாம் தொடையில் இடித்தது.

கேப்டன் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்கா என்று ஒரு நாடு உண்டாவதற்கு முன்னால் இங்கேயும் வெள்ளைக்கார ராஜாவின் ஆட்சிதான். அந்தக் காலத்தில் இந்தப் பகுதி ஊர்க்காவல் படைக்கு அவர் கேப்டன். அவர் கட்டிய கல்வீட்டை ஊர்ச் சரித்திர சங்கம் ஒன்று மியூசியமாக வைத்திருந்தது. அதன் சமையல்கட்டும் அதற்கு மேலே இருந்த ஓர் அறையும் எனக்கும் என் மனைவிக்கும் குடியிருக்கக் கொடுத்திருந்தார்கள். வாடகை இல்லை. பதிலுக்கு நான் வீட்டைக் காவல் பார்க்க வேண்டும், பனி தள்ள வேண்டும், பின்னால் இருந்த கேப்டன் குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்கு என் பெயரும் ஒரு காரணம். எனக்கு முன்னால் பிறந்த மூன்று அண்ணன்களும் பிறந்த சூட்டிலேயே போய்விட்டார்கள். அதனால் என்னைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து அந்தக் குப்பையின் பெயரையே வைத்தார்கள். சாவு இதைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடும் என்று கணக்கு. சாவு போய்விட்டது, பெயர் இருந்துவிட்டது. வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கும்போது என் முறை வந்தால் வகுப்பே சிரிக்கும். ஒருநாள் பையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு லாரி ஏறினேன். பம்பாயில் மெஸ், துபாயில் துறைமுகத்துக் கேன்டீன், அப்புறம் இங்கே எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டு ஓட்டல் ஒன்றில் தோசைக்கல். எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் நிற்கவில்லை.

எடிசனில் நின்றது கல்யாணத்தால். கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கப் போன இடத்தில் அவளைப் பார்த்தேன். கோவில்பட்டிப் பக்கம். பார்சிப்பனியில் இருந்த டாக்டர் ஆன்ட்டியின் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர்களோடு வந்தவள். சாம்பாரில் உப்பு கூட என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். அடுத்த வருஷம் அதே கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம். ஓட்டலை மூடியபோது, சரித்திர சங்கத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று டாக்டர் ஆன்ட்டிதான் பிடித்துக் கொடுத்தார்.

சங்கத்தின் தலைவி எழுபது தாண்டிய வெள்ளைக்கார அம்மாள். கேப்டனின் மகள் வழியில் வந்தவர். முதல் நாள் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், வீட்டு ஆட்களை அறிமுகப்படுத்துவது போல ஒவ்வொரு கல்லாகக் காட்டினார். எல்லாம் செம்மண் நிறக் கல். எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. அதைப் படிக்க அந்த அம்மாள் ஒரு வழி வைத்திருந்தார். ஆளுயரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, வெயிலைப் பிடித்து, கல்லின் மேல் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். அன்றிலிருந்து கண்ணாடி பிடிப்பது என் வேலை. அவர் படிப்பார், நான் எழுத்துக்கூட்டிப் பின்தொடர்வேன். என் இங்கிலீஷ் பாதிக்கு மேல் கல்லறையில் படித்ததுதான்.

கேப்டன் என்றதும் நான் பெரிய வீரன் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மாவு மில்லும் கொஞ்சம் நிலமும் வைத்திருந்த விவசாயி. சொந்தக் குதிரை இருந்தது, கையெழுத்துப் போடத் தெரியும், அதனால் கேப்டன். வருஷத்தில் சில நாள் ஊர் ஆம்பிளைகளை மைதானத்தில் நிற்க வைத்துப் பயிற்சி கொடுப்பார். பாதிப் பேரிடம் துப்பாக்கி இருக்காது, குச்சியோடு வருவார்கள். மதியத்துக்கு மேல் ஆப்பிள் கள் குடித்துவிட்டு வரிசையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வராதவனுக்கு அபராதம். இதையெல்லாம் அந்த அம்மாள் சொல்லும்போது, நேற்று பக்கத்து வீட்டில் நடந்தது போலச் சிரிப்பார்.

ஒரே ஒரு தடவைதான் கேப்டன் நிஜமாகவே காவலுக்குப் போனார். வடமேற்கு எல்லையில், ஆற்றங்கரையில், மரத்தால் கட்டிய காவல் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க. சண்டை எதுவும் நடக்கவில்லை. அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு, மில்லில் கல் கொத்த வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள் என்று வரிசையாக எழுதி, கடைசியில் குழந்தைக்கு என் முத்தம் என்று முடித்திருந்தார். அவர் எழுதின தேதிக்கு ஒன்பது நாள் முன்பே அந்தக் குழந்தை தொண்டைக் காய்ச்சலில் செத்து, பின்னால் புதைத்தாகிவிட்டது. மூன்று வயது. காலுறை போய்ச் சேர்ந்தபோது செய்தியும் கூடவே போயிருக்கிறது.

அடுத்த வருஷம் இன்னொரு மகள் பிறந்தாள். செத்தவளின் பெயரையே வைத்தார்கள். அவளும் பதினோரு மாதத்தில் போனாள். அப்புறம் ஒருத்தி பிறந்தாள். அவளுக்கும் அதே பெயர். அவள் எண்பத்தொரு வயது வரை இருந்தாள், ஒன்பது பெற்றாள். தோட்டத்தில் அந்த மூன்று கல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டு முழங்கால் உயரம், ஒன்று இடுப்புயரம். மூன்றிலும் ஒரே பெயர். கடைசிக் கல்லுக்காரியின் வழிதான் இந்த அம்மாள். அந்தக் காலத்தில் அது சகஜம் என்றார். பெயரை வீணாக்க மாட்டார்களாம். சொல்லும்போது இடுப்புயரக் கல்லைத் தட்டிக்கொடுத்தார்.

கேப்டனின் உயிலும் இருந்தது. மனைவிக்கு ஒரு கட்டில், ஒரு பசு, சமையல்கட்டுக்கு மேலே உள்ள அறை, மறுகல்யாணம் செய்யாதவரை அடுப்பங்கரையில் ஓர் இடம். நாங்கள் படுத்துக்கொண்ட அறை அதுதான். பசுவுக்கு அடுத்த வரியில் ஒரு கறுப்பு அடிமைப் பெண்ணையும் யாருக்கோ எழுதி வைத்திருந்தார். அந்த வரி வந்ததும் அம்மாள் வேகமாகப் படித்துவிடுவார். அவளுக்குக் கல் இல்லை. தோட்டத்து மூலையில் எங்கோ இருக்கலாம் என்றார்கள். அங்கேயும் புல் வெட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் முதல் மகள் பிறந்தாள். அவளுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து, சண்டை போட்டு, ஒரு நல்ல பெயர் தேடி வைத்தோம். வாயில் போட்டால் கரைகிற பெயர். என் பெயருக்கு அது பழி வாங்கியது போல இருந்தது எனக்கு. ஏழு மாதம் இருந்தாள். ஜனவரியில் ஒரு காலை என் மனைவி பால் கொடுக்கத் தூக்கப் போனாள், குழந்தை எழுந்திருக்கவில்லை. போலீஸ் வந்தார்கள். இங்கே அப்படித்தான் வழக்கம் என்றார்கள். அறையை அளந்தார்கள், படுக்கை விரிப்பை எடுத்துப்போனார்கள். ஆஸ்பத்திரியில், சில குழந்தைகள் தூக்கத்திலேயே போய்விடும், யார் தப்பும் இல்லை என்று சொன்னார்கள். டாக்டர் ஆன்ட்டியும் அதையே தமிழில் சொன்னார். என் மனைவி ஒன்று மட்டும் கேட்டாள், குளிரா என்று. இல்லை என்றார்கள். அவள் நம்பவில்லை.

ஊர் மயானத்தில் புதைத்தோம். கல் போட வசதியில்லை. பெயர் அடித்த சின்னத் தகரம் ஒன்றை மண்ணில் குத்தி வைத்தார்கள்.

இந்த வீடு வேண்டாம், வேறு எங்காவது போகலாம் என்று அவள் பல தடவை சொன்னாள். வாடகை யார் கொடுப்பது என்றேன். அதற்குப் பதில் கிடையாது என்று தெரிந்துதான் அப்படிக் கேட்டேன். அந்த வருஷமே அவள் மறுபடி உண்டானாள். பிறக்கப்போகிற குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. தொட்டிலைக்கூட எடுக்கவில்லை. சமையலறை அலமாரியில் ஒரு தவிட்டுப் பாக்கெட் இருந்ததைப் பார்த்தேன். கோதுமைத் தவிடு, சூப்பர் மார்க்கெட்டில் விற்பது. மலச்சிக்கலுக்கு டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஜூன் மாதம் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். மகள். இரண்டாம் நாள் என் மனைவி மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி விண்ணப்பப் பாரத்தோடு வந்தாள். குழந்தையின் பெயர் எழுத வேண்டுமாம். இப்போது எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் அப்புறம் அலைய வேண்டியிருக்கும் என்றாள். நம் பக்கத்தில் பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோதான் பெயர். அதுவரை பொறுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

தொட்டிலில் கிடந்ததைப் பார்த்தேன். அதே நெற்றி, அதே மேலுதடு. இரண்டு வருஷமாகக் கண்ணாடி பிடித்து நான் பார்த்த கற்கள் நினைவுக்கு வந்தன. இரண்டு போனாலும் மூன்றாமவள் எண்பத்தொரு வருஷம் நின்றாள். விடாமல் கூப்பிட்டதால்தான் நின்றாள் என்று எனக்குத் தோன்றியது. பேனாவை வாங்கி மூத்தவளின் பெயரை எழுதினேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். மனசு லேசானது. செத்துப்போனது ஏதோ கொஞ்சம் திரும்பி வந்தது போல இருந்தது.

அவள் எழுந்ததும் தொட்டிலில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"அந்தப் பேரு தகரத்துல அடிச்சு மண்ணுல குத்தியிருக்கு," என்றாள். "அதைப் பிடுங்கிக்கிட்டா வந்தீக?"

கேப்டன் கதையைச் சொன்னேன். மூன்றாவது மகளைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கேப்டன் பெண்டாட்டி அதற்கு என்ன சொன்னாள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உயிலிலும் கடிதத்திலும் கல்லிலும் அது இல்லை. இரண்டு வருஷத்தில் நான் அதைக் கேட்டதும் இல்லை.

தவிடு எதற்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் பக்கத்தில், முந்தின பிள்ளை தக்காமல் போனால் அடுத்த பிள்ளையை யாருக்காவது கொடுத்துவிட்டு, ஒரு கை தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அது நம் பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கியது. தவிட்டின் பெயரையே வைத்துவிடுவார்கள். டாக்டர் ஆன்ட்டியிடம் போனிலேயே எல்லாம் பேசி வைத்திருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என் பெயரை வைத்துக்கொண்டு நான் குதிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். குதித்திருப்பேன்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக டாக்டர் வீட்டுக்குப் போனாள். பதினாறாம் நாள் என்னையும் கூப்பிட்டார்கள். முறம் இல்லை, துணி துவைக்கிற பிளாஸ்டிக் கூடையில் குழந்தையைக் கிடத்தினார்கள். ஆன்ட்டி அதைத் தூக்கிக்கொண்டு கராஜ் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து பெல் அடித்தார். என் மனைவி கதவைத் திறந்தாள்.

"தவிட்டுக்குப் பிள்ளை வேணுமாம்மா?" என்று ஆன்ட்டி கேட்டார். கேட்கும்போது சிரித்தவர், தவிட்டைக் கையில் வாங்கும்போது அழுதுவிட்டார். நான் கராஜில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் எதுவும் செய்யச் சொல்லவில்லை.

வீட்டில் அன்றிலிருந்து குழந்தை தவிட்டுப் பெயர்க்காரி. காகிதத்தில் மட்டும் மூத்தவளின் பெயர். அதை மாற்ற அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். என் மனைவி போட்டுவிட்டாள். நீங்கள் போட்டால் திரும்பி வருகிறேன், ஆனால் அந்த வீட்டுக்கு இல்லை, வேறு எங்காவது ஒரு ரூமுக்கு என்று சொல்லி அனுப்பினாள். ஆன்ட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு சைன்தானே, பண்ணிடுங்க. ஏன் ப்ராப்ளம் பண்றீங்க?" என்றார்.

பெயர் மாற்றுகிற பாரத்தை எட்டு மாதம் மடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறிப் பார்சிப்பனிக்குப் போவேன். பாரம் கோட்டுக்குள் இருக்கும். குழந்தையைத் தோட்டத்தில் தூக்கிவைத்துக்கொண்டு சுற்றுவேன். சாயங்காலம் பாரம் கோட்டுக்குள்ளேயே திரும்பி வரும். கையெழுத்துப் போட்டால் மூத்தவளை இரண்டாவது தடவை குழிக்குள் இறக்குவது போல இருந்தது. நடுவில் ஒருநாள் கண்ணாடி பிடிக்கும்போது அந்த அம்மாள் எங்கே உன் மனைவி என்று கேட்டார். பெயர் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிப் புல்லில் சாய்த்துவிட்டு, அந்தக் காலத்து ஆட்கள் வேறு, அவர்களுக்கு வேறு வழி தெரியாது என்றார். போ, போய் கையெழுத்துப் போடு என்றார்.

போட்டேன். மார்ச் மாதம் பெயர் மாற்றின பிறப்புச் சான்றிதழ் தபாலில் வந்தது. அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். அதுதான் நான் ரூட் 46-ல் நடந்த நாள்.

அவள் சான்றிதழை இரண்டு தடவை படித்தாள். பிரிஜ்ஜின் மேல் வைத்தாள். "பிள்ளையப் பிடிங்க, சாமான எடுத்து வைக்கேன்," என்றாள். எட்டு மாதத்துக்கு அப்புறம் அவள் குரலில் பழைய அதட்டல் இருந்தது. மாடிக்குப் போனாள். ஆன்ட்டி டீ போட்டார். கிளிஃப்டனில் ஒரு ரூம் இருப்பதாக ஆன்ட்டியின் வீட்டுக்காரர் அங்கிள் சொன்னார்.

குழந்தை என் மடியில் இருந்தது. ஒன்பது மாதம். மூத்தவள் எட்டிப் பார்க்காத வயது. கோட்டுப் பொத்தானைக் கடிக்கப் போனாள். "அடி, வாயில வைக்காத," என்றேன், அந்தப் பெயரைச் சொல்லி. மூத்தவளின் பெயரை.

குழந்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தது.

என் மனைவி பையோடு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பையை அங்கேயே படியில் வைத்துவிட்டு இறங்கிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"வாய் தவறிடுச்சு," என்றேன்.

"கூப்பிட்டதும் திரும்புறா," என்றாள். "அவளுக்கு அந்தப் பேரு பழக்கமாயிருக்கு."

அது உண்மை. தோட்டத்தில் யாரும் இல்லாதபோது நான் அவளை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன், ஒவ்வொரு ஞாயிறும், காதோடு காதாக. எட்டு மாதமும்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து நீங்க யாரப் பாத்துட்டுப் போனீக?"

ஆன்ட்டி, விடுடி, ஒரு பழக்கம்தானே என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. சத்தம் போடவும் இல்லை.

"நீங்க இவளப் பாக்கையில மூத்தவளப் பாக்கீக. நான் ராத்திரியும் பகலும் இவ மூச்ச மட்டும் பாக்கேன். நாம ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருந்தா இந்தப் பிள்ளைய யாரு பாப்பா?"

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "இனிமே ஞாயித்துக்கிழமை வராதீக," என்றாள்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அங்கிள் ஷூ மாட்டிக்கொண்டு, வாங்க, டிராப் பண்றேன் என்றார். வேண்டாம் என்றேன். குழந்தை அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டால் இன்னொரு தடவை சிரித்திருக்கும். கூப்பிடவில்லை. கூப்பிட என்னிடம் வேறு பெயரும் இல்லை. தவிட்டுப் பெயரை நான் அதுவரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. நடக்கும்போதுதான் சொல்லிப் பார்த்தேன். லாரிகள் போகிற சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டேன். ஷூவுக்குள் தண்ணீர் போயிருந்தது. விடிய விடியத் திறந்திருக்கிற லாண்டரிக் கடை ஒன்றில், சூடான மிஷின் ஓரமாக உட்கார்ந்து காலுறையைக் காயவைத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் ரோட்டோரத்தில் டைனர் என்கிற சின்ன ஓட்டல் ஒன்று. பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதை எழுத்துக்கூட்டாமலே படித்தேன். முதலாளி கிரேக்கர், பெரிய மீசை. எங்கே வேலை பார்த்தாய் என்றார். ஓட்டல், அப்புறம் ஒரு கேப்டன் வீடு என்றேன். ராணுவமா என்றார். இல்லை, ஊர்க்காவல் என்றேன். அவருக்குப் புரியவில்லை, மேலே கேட்கவும் இல்லை. குடும்பம் இருக்கிறதா என்றார். பார்சிப்பனியில் இருக்கிறார்கள், ஒரு மகள், ஒன்பது மாதம் என்றேன்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு வேண்டியிருக்கும் என்றார். நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம், ஆனால் குழந்தை உள்ளவனை நான் பிடித்துவைக்க மாட்டேன் என்றார்.

வேண்டாம், ஞாயிறும் வருகிறேன் என்றேன்.

அவர் ரப்பர் ஏப்ரனை எடுத்துக் கொடுத்து, பின்கட்டைக் காட்டினார். முந்தின நாள் தட்டுகள் அங்கே இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. வெந்நீரைத் திறந்துவிட்டேன்.